அதிகபட்சம் ஒரு நொடி

மண்டபம் வடக்குத் துறையில்
டோக்கன் கொடுக்கும் அறைக்கு ஒரே ஜன்னல்.
விடிவதற்குள் ஜன்னலில் நாற்பது கை.

முன்பெல்லாம் நேராக டேபிளுக்குத்தான் போகும்.
படகு எண் சரியா, உரிமம் உயிரோடு இருக்கிறதா,
போன தடவை டீசல் எத்தனை லிட்டர்,
எல்லாம் ஒத்துப் பார்த்து, டிஸ்கில் பதித்து,
பதிந்ததா என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டு
அப்புறம்தான் சரி என்று தலையாட்டும்,
பத்திர ஆபீஸ் குமாஸ்தாவைப் போல.
ஆளில்லாத நேரத்தில் பதினோரு மில்லிசெகண்ட்.
நாற்பது கையும் சேர்ந்து நீண்டால்
ஒன்றின் பூட்டுக்கு மற்றொன்று காத்துக் கிடந்து
நான்கு நொடி, ஆறு நொடி.
வில்லாயுதம் அண்ணன் மவுஸை மேசையில் குத்துவார்.
ஜன்னலுக்கு வெளியே என் தாயாரை விசாரிப்பார்கள்.

அதனால் டோக்கனை நினைவகத்துக்கு மாற்றினேன்.
கூடுதல் ரேம் கேட்டு எழுதியபோது
சென்னையில் ஒருவர் போனிலேயே சிரித்தார்:
"ராம்நாட்டுக்கே ரேம் பத்தலையா?"
அனுப்பியது எட்டு ஜி.பி.
அந்தச் சிரிப்புக்கு அது குறைவுதான்.

ஓர் இரவு, வாடைக்காற்று கூரைத் தகரத்தைப் பிறாண்ட,
பத்தாயிரம் பொய்ப் படகுகள் செய்து
இரண்டிலும் ஓடவிட்டேன்.
நினைவகத்துக்கு அரை மில்லிசெகண்டும் ஆகவில்லை.
எக்செலில் இரண்டு பட்டை வரைந்தேன்:
டேபிள் ஒரு பனை,
நினைவகம் அதன் அடியில் நெருஞ்சி.
படத்தை அனுப்பிப் பாராட்டும் வாங்கினேன்.

அந்தப் படத்தில் கரண்ட்டை நான் வரையவில்லை.

புதன்கிழமை, ஐந்து ஐம்பத்திரண்டு.
யு.பி.எஸ். இருந்தது. அதன் முனைகளை உப்பு தின்றிருந்தது.
இருட்டு மூன்று நிமிடம்தான்.
வெளிச்சம் வந்ததும் நினைவகத்தைக் கேட்டேன்,
எத்தனை படகு?
பூஜ்யம் என்றது.
பூஜ்யத்தையும் அரை மில்லிசெகண்டில் சொன்னது.

டேபிளைக் கேட்டேன்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் அங்கே கொட்டி வைத்ததை
ஐந்து நாற்பத்தெட்டு வரை
ஒரு வரி சிந்தாமல் வைத்திருந்தது.
அதற்குப் பின் கொடுத்த டோக்கன்
பிரிண்டர் சுருளின் கணக்கில் பத்தொன்பது.

பத்தொன்பது படகு. படகுக்கு ஐந்து பேர்.
தீவுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.
அரசாங்கக் கணக்கில்
கரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
காற்று எழும்பினால் எத்தனை பேரைத் தேடச் சொல்வது?
எல்லையில் பிடித்ததாக ஒரு பெயர் வந்தால்
எந்த வரியில் விரல் வைப்பது?

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை.
போனைத் தலைகீழாக வைத்தேன், மறுபடி திருப்பினேன்.
பாலத்து விளக்குகளை எண்ணினேன்.
எண்ண எண்ண ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது.

மறுநாள் எட்டு மணிக்குள் பதினெட்டு வந்துவிட்டன.
ஒன்பதரைக்கு 417.
மீரான்கனி கூடையோடு நேராக ஜன்னலுக்கு வந்தார்.
"மானிய டீசலுக்குப் போனா, நீ கடலுக்கே போகலங்கிறாக.
அப்ப இந்த நண்டு என்ன,
எங்க வீட்டுக் கொல்லையில காய்ச்சதா?"
கூடைக்குள் ஒன்று இன்னும் கொடுக்கை விரித்தது.

எனக்கு அழுகை வரும்போலச் சிரிப்பு வந்தது.
அவர் வரியை டேபிளில் நானே தட்டினேன்.
பதினோரு மில்லிசெகண்ட்.
அது பதிந்து முடியும்வரை காத்திருந்தேன்.

மதியம் அமைப்புகளைத் திறந்தேன்.
ஒவ்வொரு டோக்கனையும் உடனுக்குடன் டிஸ்கில் எழுதலாம்.
எழுதினால் நெருஞ்சியும் பனையாகும்,
மறுபடியும் என் தாயார்.
நொடிக்கு ஒருமுறை எழுதலாம்.
கீழே சின்ன எழுத்தில் இருந்தது:
மின்சாரம் போனால் இழப்பு
அதிகபட்சம் ஒரு நொடி.

அந்த நொடியில் யார் இருப்பார் என்று
அங்கே போட்டிருக்கவில்லை.
தேர்ந்தெடுத்தேன். சேமித்தேன்.
யு.பி.எஸ். முனையை உப்புத்தாளால் தேய்த்தேன்.

அடுத்த டோக்கன் நாள், கதவைத் திறந்ததும்
முதலில் நீண்ட கையில்
கயிறு அறுத்த கோடு, உள்ளங்கை நெடுக.
எண் சொல்லுங்க என்றேன்.
சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு நொடி ஆனது.